குழந்தை உணவுக்கு எந்த டப்பா? – வாசகர் கேள்வி பதில்

தாய்ப்பாலோடு இணை உணவும் உண்ணத் தொடங்கிய குழந்தைகளின் உணவை எதில் எடுத்து வைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

“பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதக் குழந்தையை என் அம்மாவிடம் விட்டுச் செல்கிறேன். காலை ஏழரை மணிக்கே ராகிக் கஞ்சியும் பருப்புச் சாதமும் செய்து வைத்துவிடுவேன். பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் அம்மிச்சி ஊட்டுவார். உறவினர் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா செட் இருக்கிறது. அதிலேயே வைக்கலாமா, சூடு ஆறாத டப்பா வாங்க வேண்டுமா?” – வாசகி, திருப்பூர்

சகோதரி, டப்பாவுக்கு முன் நேரத்தைப் பார்க்க வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வீடுகளில் பகல் முழுவதும் அதற்கு மேல்தான் இருக்கும். ஆகவே ஏழரை மணிச் சாதம் ஒரு மணி வரை மேசைமேல் இருக்குமானால், அது எவ்வளவு விலை உயர்ந்த டப்பாவில் இருந்தாலும் குழந்தைக்கு ஏற்றதல்ல. கிருமிகள் பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில். உணவு அதற்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு மேலே சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் டப்பா இந்த இரண்டில் ஒன்றைச் செய்ய உதவினால் போதும்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் முதல் வழியையே பரிந்துரைப்பேன். கஞ்சியையும் சாதத்தையும் இறக்கியவுடன் பாத்திரத்தைத் தண்ணீர் நிறைந்த அகலத் தட்டில் வைத்து, கிளறிவிட்டுச் சீக்கிரம் ஆற வைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்ற கணக்கில் சிறிய எவர்சில்வர் அல்லது கண்ணாடி டப்பாக்களில் பிரித்து உள்ளே வைத்துவிடுங்கள். அம்மா ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் எடுத்து, அடுப்பில் நன்றாகக் கொதி வரும்வரை சுடவைத்து, ஆற்றி ஊட்டட்டும். பெரிய டப்பா ஒன்றில் மொத்தமாக வைத்தால் அதைத் திறந்து திறந்து எடுக்க நேரும். அதிலேயே கரண்டியை விட்டு ஊட்டினால் குழந்தையின் எச்சில் கலந்து மிச்சம் முழுவதையும் கொட்ட வேண்டி வரும். நூறு, நூற்றைம்பது மில்லி பிடிக்கும் நான்கைந்து டப்பாக்கள், அரை லிட்டர் டப்பா இரண்டைவிட எவ்வளவோ உபயோகமானவை.

இரண்டாவது வழி சூடு காக்கும் டப்பா. இதில்தான் நல்ல தாய்மார்களும் அறியாமல் ஓர் ஆபத்தைச் செய்துவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குழந்தைக்கு நாக்கு சுட்டுவிடும் என்று அஞ்சி, கஞ்சியை ஊட்டும் பதத்துக்கு ஆற்றிய பிறகு டப்பாவில் ஊற்றி இறுக மூடிவிடுகிறார்கள். அது பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். தயிர் உறைவதற்காகப் பாலை எந்தச் சூட்டில் வைக்கிறோமோ, அதே சூட்டைக் கிருமிகளுக்கு நாமே காத்துக் கொடுப்பதாகிறது. சோற்றில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் விதைத்துகள்கள் அரிசி வெந்த பின்னும் பிழைத்திருக்கும்; வெதுவெதுப்பில் அவை பெருகிச் சுரக்கும் ஒரு நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. எனவே அந்த டப்பாவைப் பயன்படுத்துவதானால், முதலில் அதில் கொதிநீரை ஊற்றி ஐந்து, பத்து நிமிடம் மூடி வைத்து, நீரைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய கொதி கஞ்சியை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பி உடனே மூடுங்கள். பாதி டப்பா சீக்கிரம் ஆறிவிடும். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். ஆற்றுவது ஊட்டுபவரின் வேலை. பதினொரு மணிக் கஞ்சிக்கு இது பொருந்தும். ஒரு மணிச் சாதத்துக்கு நான் இதை நம்ப மாட்டேன். அதற்குப் பதிலாக அந்த நேரத்தில் உங்கள் அம்மா கைப்பிடி அரிசியும் பருப்பும் குக்கரில் வைத்துவிட முடியுமானால் அதுவே எல்லாவற்றிலும் மேல்.

பரிசாக வந்த பிளாஸ்டிக் செட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன்; உணவுக்குரிய பிளாஸ்டிக்குகளில் சூட்டை ஓரளவு தாங்குவது இது. 2, 4 என்பவை ஆறிய பொருளுக்குப் போதும். 3, 6 இரண்டும் வேண்டாம். 7 என்பது பலவகைப் பிளாஸ்டிக்குகளுக்கான பொது எண். பிஸ்பீனால் ஏ கலந்த பாலிகார்பனேட்டும் அதில் அடங்கும். அந்த வேதிப்பொருள் கலந்த பால் புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. எண்ணே இல்லாத டப்பாவில் பொத்தானோ ஊசி நூலோ போட்டு வையுங்கள்.

5 என்ற எண் இருந்தாலும் கொதிக்கும் கஞ்சியை அதில் ஊற்றாதீர்கள். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பாலிபுரோப்பிலீன் பால் புட்டிகளில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கியபோது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண் பிளாஸ்டிக் துகள்கள் வெளிப்பட்டதையும், நீரின் சூடு ஏற ஏறத் துகள்கள் பெருகியதையும் கண்டார்கள். அந்தத் துகள்கள் குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பது இன்னும் முடிவாகத் தெரியாத செய்தி. ஆனால் எவர்சில்வர் கிண்ணத்தில் ஆற்றிவிட்டு மாற்றுவதற்கு ஒரு செலவும் இல்லையே. நறுக்கிய பழம், உலர்ந்த பொரி, அவல் ஆகியவற்றுக்கு அந்த செட்டை வைத்துக்கொள்ளலாம். உட்புறம் கீறல் விழுந்து வெளிறிப்போனால் மாற்றிவிடுங்கள்.

“பேரனுக்காகப் பாத்திரக் கடையில் மூடி போட்ட எவர்சில்வர் போசி வாங்கினேன். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது 304 தரம் என்று கடைக்காரர் சொன்னார். சரிதானா? ஈயம் பூசிய பழைய பித்தளைப் போசியும் இருக்கிறது.” – வாசகி, கோபிசெட்டிபாளையம்

காந்தம் ஒட்டாததால் மட்டும் அது 304 ஆகிவிடாது, அம்மா. 304 என்பது ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த எஃகு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. விலை மட்டும் குறைவு. அடியில் பொறித்திருக்கும் எண்ணையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், அதனுடன் ஐ.எஸ். 14756 என்னும் தர எண்ணையும் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு இந்த முத்திரையைக் கட்டாயமாக்கி ஒன்றிய அரசு 2024இல் ஆணை பிறப்பித்தது. இந்த வேறுபாடு நம் ஊரில் வெறும் விலைப் பேச்சு அல்ல. போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைக்கும் வீடுகளில், தரம் குறைந்த எவர்சில்வரின் விளிம்பு மடிப்பிலும் ஒட்டுப் போட்ட இடத்திலும் ஊசி முனையளவு துருப் புள்ளிகள் முதலில் தோன்றும். கடைசி அலசலை ஆற்றுத் தண்ணீரில் முடித்துத் துணியால் துடைத்துவிட்டால் எந்தத் தரமும் கூடுதல் காலம் உழைக்கும்.

போசியைவிட அதன் மூடியை நன்றாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்களா என்பதே என் கவலை. மூடியின் உட்புறப் பள்ளத்தில் வெள்ளை வளையம் ஒன்று பதிந்திருக்கும். அதைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்கள். சில வாரம் பயன்படுத்திய மூடியானால் வளையத்தின் அடியில் காய்ந்த கஞ்சி ஏடுபோல் ஒட்டியிருக்கும். அதன் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். மோந்தால் புளித்த வாடை வரும். போசியைப் பளபளவென்று விளக்கி வைக்கும் வீட்டிலும் இது நேர்கிறது, காரணம் அங்கே நார் போவதில்லை. வளையம் கையோடு கழன்று வருகிற, தனியாக மாற்று வளையம் கிடைக்கிற மூடியையே வாங்குங்கள். கழற்ற முடியாதபடி ஒட்டிய வளையம் உள்ளது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் வளையத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, தனியே காயவைத்து, அடுத்த நாள் பொருத்துங்கள்.

பித்தளைப் போசி குழந்தை உணவுக்கு வேண்டாம். உள்ளே பூச வேண்டியது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் கண்டறிய இயலாது. காரீயத்தில் இவ்வளவு வரை பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது தாக்கும். பூச்சு தேய்ந்துபோனாலோ, தக்காளி ரசம் போன்ற புளிப்புப் பட்டுப் பித்தளையிலுள்ள செம்பு உணவில் இறங்கும்.

“ஏழு மாதக் குழந்தைக்குக் கேரட், பூசணி மசியலை மொத்தமாகச் செய்து உறைய வைக்க நினைக்கிறேன். கண்ணாடி டப்பா நல்லதா, சிலிக்கோன் தட்டு நல்லதா?” – வாசகி, பொள்ளாச்சி

இரண்டும் வேண்டும், வெவ்வேறு வேலைக்கு. உறைய வைப்பதற்கு மூடியுள்ள சிலிக்கோன் தட்டு வசதி. ஒரு குழியில் இரண்டு மேசைக்கரண்டி மசியல் பிடிக்கும்; உறைந்தபின் தட்டை மடக்கினால் கட்டி வெளியே வந்துவிடும். தேவைக்கேற்ப ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்ளலாம். சிலிக்கோன் மஞ்சள் நிறத்தையும் எண்ணெய் வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் தாளித்த எதையும் அதில் வைக்காதீர்கள். கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதற்கு மிகச் சிறந்தது. கறையும் பிடிக்காது, மணமும் ஏறாது. வாங்கும்போது போரோசிலிக்கேட் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கண்ணாடியைவிடச் சூட்டில் விரிவது அதில் குறைவு, ஆகவே வெப்ப மாற்றத்தை நன்றாகத் தாங்கும். ஆனாலும் உறைந்த டப்பாவை அப்படியே கொதிநீரில் இறக்காதீர்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கும்; விளிம்புவரை நிரப்பினால் கண்ணாடி விரிசல் விடும், மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள்.

காய், பழ மசியல் குளிர்ந்த தட்டில் இரண்டு, மூன்று நாள் தாங்கும். முட்டையோ கறியோ சேர்ந்தால் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உறைபெட்டியில் ஒன்று, இரண்டு மாதம் வைக்கலாம். டப்பாவின் மேல் செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள், நினைவில் இருக்கும் என்று விடாதீர்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. தென்னந்தோப்பு வீடுகளில் காற்றடி காலத்தில் மின்சாரம் நெடுநேரம் நின்றுபோகுமானால், உறைபெட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள். மின்சாரம் வந்தபின் கட்டி இளகி நீர்த்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

“ஐஸ்கிரீம் டப்பா, ஓட்டல் பார்சல் டப்பா இவற்றைக் கழுவி இரண்டு வயது மகளின் தின்பண்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது எதில் கொடுத்தனுப்புவது?” – வாசகர், கரூர்

அவை ஒருமுறை பயன்பாட்டுக்காக மெல்லியதாகச் செய்யப்பட்டவை. எண்ணெயும் சூடும் பட்டு, நாரால் தேய்த்துத் தேய்த்து நாளடைவில் நைந்துபோகும். தாளில் சுற்றிய மிட்டாய் போடலாம். எண்ணெய்ப் பலகாரத்துக்கு வேண்டாம். செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அச்சு மை பலகாரத்தில் ஒட்டும்.

முறுக்கு, தட்டை ஆகியவை முற்றிலும் ஆறிய பிறகு இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் இருந்தால் நமத்துப்போகாது. சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகப் படிந்து பண்டத்திலேயே சொட்டும். கச்சாயத்தையும் எள்ளுருண்டையையும் முறுக்கோடு ஒரே சம்படத்தில் போட வேண்டாம். நாட்டுச் சர்க்கரையின் ஈரத்தில் முறுக்கு சவுத்துவிடும். பயணத்துக்கு, குழந்தை தானே திறக்கத்தக்க அகல வாயுள்ள சிறிய டப்பா போதும். வாங்கியவுடன் தண்ணீர் நிரப்பி ஒரு தாளின் மேல் சிறிது நேரம் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் பையில் வைக்கலாம். முழு நிலக்கடலை மட்டும் எந்த டப்பாவிலும் இந்த வயதில் வேண்டாம். ஓடும் பஸ்ஸில் அது தொண்டையில் சிக்கினால் கணப்பொழுதில் மூச்சு அடைத்துவிடும்; பொடித்து உருண்டையாக்கி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள்.