மார்கரெட் ரிவரில் கார் ஓட்ட ஐந்தாண்டு ‘சர்வதேச உரிமம்’ வேண்டுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கும் மகளையும் மாப்பிள்ளையையும் பார்க்க நானும் என் மனைவியும் ஏப்ரல் மாதம் கோவையிலிருந்து புறப்படுகிறோம். அங்கிருந்து நால்வருமாக மார்கரெட் ரிவர் சென்று, மூன்று நாள் தங்கி, ஒயின் தோட்டங்களையும் அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற கடற்கரைகளையும் பார்ப்பதாகத் திட்டம். வாடகைக் காரை நான் ஓட்டுவதாக இருக்கிறேன். எனக்கு வயது 58. என்னிடம் உள்ள தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லாது என்று கூறி, ஐந்தாண்டுகள் செல்லக்கூடிய ‘சர்வதேச உரிமம்’ எடுத்துத் தருவதாக ஒரு முகவர் 15,000 ரூபாய் கேட்கிறார். 3,000 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார். இந்த உரிமம் தேவைதானா? ஒயின் ருசி பார்த்துவிட்டுக் கார் ஓட்டினால் சிக்கல் வருமா? தேவைப்பட்டால் மாப்பிள்ளையும் ஓட்டுவார். சென்ற ஆண்டு நிரந்தர வசிப்புரிமை பெற்ற அவரிடம் இருப்பதும் இந்திய உரிமம்தான்.
- கோவை வாசகர்

பதில்: அந்த முகவருக்கு இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர் விற்பதாகச் சொல்லும் ஆவணம் உலகில் எங்குமே இல்லை. இந்தியாவில் வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு அதிகபட்சம் ஓராண்டு மட்டுமே செல்லும். உங்கள் உரிமம் அதற்கு முன்பே காலாவதியாகுமானால் அதுவரைதான் செல்லும். எனவே ஐந்தாண்டு, பத்தாண்டு என்று யார் எதைக் காட்டினாலும் அது வண்ணத்தில் அச்சடித்த அட்டை மட்டுமே. அதை ஆஸ்திரேலியக் காவலரிடம் நீட்டினால், போலி ஆவணம் காட்டியவர் என்ற கூடுதல் தொல்லைதான் மிஞ்சும்.

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் விதி எளிமையானது. சுற்றுலா விசாவில் வரும் ஒருவர், தம் நாட்டில் செல்லுபடியாகும் உரிமத்தை வைத்துக்கொண்டு, அந்த உரிமம் அனுமதிக்கும் வகை வாகனத்தை அங்கே ஓட்டலாம். உரிமம் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால், சர்வதேச அனுமதிச் சீட்டையோ அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பையோ உடன் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது வழங்கப்படும் அட்டை உரிமத்தில் பெயர், பிறந்த நாள், வாகன வகை, செல்லுபடிக் காலம் ஆகியவை ஆங்கிலத்தில் இருப்பதால், சட்டப்படி உங்களுக்கு அதுவே போதும். ஆனால் அட்டையையே கையில் எடுத்துச் செல்லுங்கள். கைபேசியில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டுவது நம் ஊர்ப் போக்குவரத்துக் காவலரிடம் எடுபடும். பெர்த் விமான நிலையத்தின் வாடகைக் கார் மேசையில் எடுபடாது. உங்களிடம் இருப்பது எழுத்து மங்கிப்போன பழைய புத்தக வடிவ உரிமம் என்றால், புறப்படும் முன்பே அதை அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். 55 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதால், செல்லுபடித் தேதியையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

சட்டம் கேட்காவிட்டாலும், சில வாடகைக் கார் நிறுவனங்கள் தம் ஒப்பந்த விதியாகவே சர்வதேச அனுமதிச் சீட்டைக் கேட்பதுண்டு. அதனால் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், பரிவாகன் இணையதளத்தின் வழியே, படிவம் 4ஏ நிரப்பி, மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், விசா, பயணச்சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்து விண்ணப்பித்தால் கிடைத்துவிடும். அரசு நிர்ணயித்த கட்டணம் 1,000 ரூபாய். அந்த ஆயிரம் ரூபாய் வேலையைத்தான் உங்கள் முகவர் பதினைந்தாயிரத்துக்கு விலை பேசுகிறார். குடிமகன் தானே செய்துகொள்ளும்படி இணையவழியில் வைத்துவிட்டதாக அரசு சொல்கிறது. ஆனால் இணையத்தில் விண்ணப்பித்தவரையும் நேரில் வரச் சொல்லி, ஒரு நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பி, வாசலில் காத்திருக்கும் இடைத்தரகரிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம் பல அலுவலகங்களில் இன்னும் ஒழியவில்லை. வெளிநாட்டுப் பயண ஆவணங்களுக்காக என்னிடம் வருவோரில் பலர் அப்படி ஏமாந்து வந்தவர்களே. இது எனக்குத் தீராத கோபம். அலைச்சலுக்கு அஞ்சித்தான் மக்கள் தரகரிடம் போகிறார்கள் என்பது தெரியும். ஆயினும் ஒரு நாள் அலைச்சல், போலி அட்டையோடு அயல்நாட்டுச் சாலையில் நிற்பதைவிட மேலானது.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கலங்கச் செய்தது கடைசி வரிதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் நிரந்தர விசா பெற்று வசிப்பவர், வெளிநாட்டு உரிமத்தைக் கொண்டு மூன்று மாதங்கள் மட்டுமே ஓட்டலாம். அதற்குள் அவர் அந்த மாநிலத்தின் உரிமத்தைப் பெற்றாக வேண்டும். உங்கள் மாப்பிள்ளைக்கு வசிப்புரிமை கிடைத்தது சென்ற ஆண்டு. அப்படியானால் உங்கள் ஏப்ரல் பயணத்துக்குள் அந்த மூன்று மாதக் கெடு முடிந்திருக்கும். அவருடைய இந்திய அட்டையில் 2035 வரை செல்லும் என்று அச்சிட்டிருந்தாலும், கெடு முடிந்த பின் அந்த மாநிலத்தின் கண்ணில் அவர் உரிமம் இல்லாமல் ஓட்டுபவர். விமான நிலையத்தில் இறங்கிய உங்களுக்குச் செல்லும் அதே வகை அட்டை, அங்கேயே குடியிருக்கும் அவருக்குச் செல்லாது. இந்த வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை. ‘இத்தனை நாள் ஓட்டினேன், யாரும் கேட்கவில்லை’ என்பது பதிலாகாது; காவலர் நிறுத்தும் நாளில்தான் கேட்பார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும் என்பது. வாடகைக் காரின் ஒப்பந்தத்தில் கூடுதல் ஓட்டுநராக அவர் பெயரைச் சேர்த்தாலும், செல்லாத உரிமத்தோடு ஓட்டியவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

உரிமத்தை மாற்றுவது ஒரு படிவத்தோடு முடியும் என்றும் அவர் எண்ணிவிடக் கூடாது. சில நாடுகளின் உரிமங்களைத் தேர்வு இல்லாமலே மாற்றித் தருகிறார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அவர் விதிமுறைகள் பற்றிய எழுத்துத் தேர்விலும், அதிகாரி பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் ஓட்டுத் தேர்விலும் தேற வேண்டும். ஓட்டுத் தேர்வுக்கு உடனே நாள் கிடைக்கும் என்று நம்பி ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே அவரிடம் பேசுங்கள். ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலம் இந்தக் கெடு வேறுபடுகிறது என்பது ஆஸ்திரேலிய முறையின் குறை. வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொன்னதை நம்பிப் பெர்த்தில் இருப்பவர் ஓட்டுவதற்கு இந்தக் குழப்பமே காரணம். அவர் மேற்கு ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறையின் விதியை மட்டும் பார்த்தால் போதும். அந்த மாநில உரிமம் கைக்கு வரும்வரை, மார்கரெட் ரிவர் பயணத்தில் மட்டுமல்ல, பெர்த்திலும் அவர் ஓட்டாமல் இருப்பதே சரி.

இனி ஒயின். மார்கரெட் ரிவர், பெர்த்துக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில், நேச்சரலிஸ்ட் முனைக்கும் லூவின் முனைக்கும் இடைப்பட்ட நிலம். அறுபதுகளின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் அறிஞர் இந்த மண்ணும் கடற்காற்றும் திராட்சைக்கு ஏற்றவை என்று எழுதிய பிறகு, 1967இல் டாம் கல்லிட்டி என்ற மருத்துவர் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தைத் தொடங்கினார். மாஸ் வுட், கேப் மென்டெல், கல்லன் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. கேபர்னே சாவிஞான், ஷார்டனே ஆகிய ஒயின் வகைகள் இங்கே பெயர்பெற்றவை. தோட்டங்கள் பெரும்பாலும் கேவ்ஸ் சாலையை ஒட்டியே இருப்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். அங்கே அந்த வரம்பு 50 மில்லிகிராம். அதை அவர்கள் 0.05 என்று சொல்வார்கள். வரம்பு சற்றுக் கூடுதல் என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். நம் ஊரில் எப்போதாவது நடக்கும் மூச்சுச் சோதனை அங்கே அன்றாடம் நடப்பது. நீங்கள் ஒழுங்காக ஓட்டினாலும், எந்தச் சந்தேகமும் இல்லாமலே காவலர் வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். ருசிக்கூடத்தில் ஊற்றித் தருவது சிறு அளவுதான் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு வகைக்கு 30 மில்லி என்று ஐந்து வகைகளை அருந்தினால் 150 மில்லி ஆகிறது. பதின்மூன்று, பதினான்கு விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினில் அது சுமார் 16 கிராம். பத்து கிராமை ஓர் அளவாகக் கொள்ளும் ஆஸ்திரேலியக் கணக்கில் ஒன்றரை அளவுக்கு மேல். ஒரே நாளில் மூன்று தோட்டங்கள் என்றால் ஐந்து அளவை நெருங்கிவிடும். உடலோ ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் அளவைத்தான் கரைக்கிறது. காப்பி குடிப்பதாலும் முகம் கழுவுவதாலும் அது விரைவதில்லை. இது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ‘இரண்டு கிளாஸ் வரை தாங்கும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

எனவே ருசி பார்க்கும் நாளில் நீங்கள் ஓட்டாதீர்கள் என்பதே என் திட்டவட்டமான ஆலோசனை. உங்கள் மகளுக்கு அந்த மாநில உரிமம் இருந்து, அவர் மது அருந்தாதவராகவும் இருந்தால் அவரே ஓட்டட்டும். அவர் புதிதாக உரிமம் பெற்று ‘பி’ பலகை ஒட்டி ஓட்டுபவர் என்றால் ஒரு துளியும் அருந்தக் கூடாது. அவருக்கு வரம்பு பூஜ்யம். இல்லாவிட்டால், தங்குமிடத்துக்கே வந்து அழைத்துப்போய், மதிய உணவும் தந்து, மாலையில் கொண்டுவந்து விடும் உள்ளூர்ச் சிற்றுந்துச் சுற்றுலாக்கள் நிறைய உண்டு. அதை அந்த நிறுவனத்திடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். இங்கிருக்கும் முகவர் ‘ஒயின் தோட்ட நுழைவு அனுமதி’ என்று தனித்தொகை கேட்டால், அப்படி ஓர் அனுமதியே கிடையாது. ருசி பார்க்கப் பல தோட்டங்களில் சிறு கட்டணம் உண்டு. பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வதும் உண்டு. ருசித்துவிட்டுத் துப்புவதற்கு எல்லா இடங்களிலும் கலம் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவதை யாரும் அவமரியாதையாக நினைக்க மாட்டார்கள்.

வாடகைக் கார் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, ‘எக்ஸஸ்’ என்ற தொகை. விபத்தில் காருக்குச் சேதம் ஏற்பட்டால் காப்பீடு இருந்தும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு அது. பல ஆயிரம் டாலராக இருக்கும். முன்பதிவுத் தளங்கள் ‘முழுப் பாதுகாப்பு’ என்று விற்பது பெரும்பாலும், நீங்கள் முதலில் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அவர்களிடம் விண்ணப்பித்துத் திரும்பப் பெறும் ஏற்பாடுதான். கார் தரும் நிறுவனமே அந்தத் தொகையைக் குறைக்கும் திட்டத்தை எடுத்தால் அலைச்சல் குறைவு. ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: தார் போடாத சாலையில் ஓட்டத் தடை, இருட்டிய பிறகு நகருக்கு வெளியே ஓட்டத் தடை, விலங்கு மோதினால் யார் பொறுப்பு. ஏப்ரலில் மாலை ஆறு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். கங்காருக்கள் சாலைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். மூன்று மணி நேரப் பயணத்தை நடுப்பகலில் முடித்துக்கொள்ளுங்கள். பிணைத்தொகை பிடித்துவைக்க ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டை கேட்பார்கள். மகளின் அட்டையை நீட்டினால் ஏற்க மறுக்கலாம். மது அருந்தி ஓட்டியது தெரிந்தால் இந்தப் பாதுகாப்புகள் அனைத்தும் ரத்தாகிவிடும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் காண்பீர்கள்.

கடலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பிரெவெல்லியில் உள்ள சர்ஃபர்ஸ் பாயின்ட் உலக அலைச்சறுக்குப் போட்டி நடக்கும் இடம். கரையில் நின்று பார்க்க அருமையானது, இறங்கிக் குளிக்க ஏற்றதல்ல. ஏப்ரல் அல்லது மே மாதத்தில் அந்தப் போட்டி நடக்கும் நாட்களில் தங்குமிடம் கிடைப்பது அரிது, முன்பே பதிவு செய்யுங்கள். உங்கள் வயதில் கால் நனைக்க நேச்சரலிஸ்ட் முனைக்குக் கிழக்கே உள்ள மீலப் கடற்கரையின் அமைதியான நீர் பொருத்தம். எங்கே போனாலும் சுண்ணாம்புப் பாறைகளின் அடியில் நிழலுக்கு உட்காராதீர்கள். 1996இல் கிரேஸ்டவுன் அருகே அப்படி ஒரு பாறை சரிந்து ஒன்பது பேர் இறந்தனர்.

முகவரிடம் கொடுத்த 3,000 ரூபாயை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அவர் நீங்கள் நேரில் பார்த்திராத, இணையத்தின் வழியே மட்டும் பேசிப் பணம் வாங்கியவர் என்றால், இணையக் குற்றப் புகார் எண்ணான 1930ஐ இன்றே அழையுங்கள். பணம் பல கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் சொன்னால்தான் அதை முடக்க முடியும். பாஸ்போர்ட் நகலையும் கையொப்பத்தையும் அவரிடம் கொடுத்திருக்கிறீர்களா என்பதை எழுதவில்லை; கொடுத்திருந்தால் அந்தப் புகாரிலேயே அதையும் குறிப்பிடுங்கள்.