புலிக்குப் புளி போடாதேங்கோ

கேள்வி: போன மாசம் ரூர் போன இடத்தில காலிக் கோட்டைக்குள்ள ஒரு அன்ரிக் கடை. ஒரு தட்டில பழைய சாவி, பட்டன், சல்லிக் காசு எல்லாம் குவிஞ்சு கிடந்தது, கிளறிக்கொண்டு போகேக்க ஒரு தொப்பி பட்ஜ் கையில வந்திச்சு. பித்தளையில முழுப் புலி, மேலயும் கீழயும் வெள்ளை உலோகத்தில நாடா மாதிரி, மேல 'ஹிந்தூஸ்தான்', கீழ 'லெஸ்டர்ஷயர்' எண்டு இங்கிலிஷில இருக்கு. 1500 ரூபா குடுத்து வாங்கிக்கொண்டு வந்தா, அம்மா கண்ட உடன "உதை முதல்ல கிணத்துக்க போடு" எண்டுறா. இது என்னது, வச்சிருக்கலாமோ? புளி போட்டு மினுக்கி பிரேம் பண்ணுவம் எண்டு யோசிக்கிறன்.
(கொக்குவில் வாசகர்)

பதில்: அம்மாவைக் குறை சொல்ல மாட்டன், எங்கட ஊரில புலி எண்டா எந்தப் புலி எண்டு நிண்டு கேக்க ஆருக்கும் பொறுமை இருந்ததில்லை. உங்கட புலி வெள்ளைக்காரன்ர புலி. லெஸ்டர்ஷயர் ரெஜிமென்ற் எண்டு இங்கிலாந்துப் பட்டாளம் ஒண்டு, 1804 இலயிருந்து 1823 வரைக்கும் இந்தியாவில சேவை செய்ததுக்காக 1825 இல அவைக்குக் கிடைச்ச அடையாளம்தான் அந்தப் புலியும் ஹிந்தூஸ்தான் எண்ட சொல்லும். துவக்கும் இல்லை, ரவையும் இல்லை, வெறும் புலி. கிணத்துக்க போடத் தேவையில்லை. அதுக்காக சேட்டில குத்திக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம், மறிச்சுப் பாக்கிறவருக்கு ரோட்டில நிண்டு இங்கிலாந்து வரலாறு படிப்பிக்கேலாது.

இனி எந்தக் காலத்துச் சாமான் எண்டு பாப்பம். கீழ் நாடாவில வெறும் லெஸ்டர்ஷயர் எண்டு இருக்கிறது நல்ல விஷயம், ஏனெண்டா 1946 இலதான் அந்தப் பட்டாளத்துக்கு 'ரோயல்' பட்டம் கிடைச்சது, அதுக்குப் பிறகு வந்த பட்ஜில 'ரோயல் லெஸ்டர்ஷயர்' எண்டு இருக்கும். அப்ப உங்கட அச்சு அதுக்கு முந்தினது. இலங்கைக்கு எப்படி வந்தது எண்டதுக்கு ரெண்டு வழி சொல்லலாம். அந்தப் பட்டாளத்தின்ர ரெண்டாம் பட்டாலியன் 1942 இல இலங்கையில நிண்டது, ஜப்பான்காரன் ஏப்ரல் 5 கொழும்பிலயும் 9 திருகோணமலையிலயும் குண்டு போட்ட அதே வருஷம். மற்றது மலாயா. முதலாம் பட்டாலியன் 1941 டிசம்பரில ஜித்ராவில ஜப்பான்காரனிட்ட அடி வாங்கி, மிஞ்சின ஆக்களை ஈஸ்ற் சறே பட்டாலியனோட சேத்து 'பிரிட்டிஷ் பட்டாலியன்' எண்டு ஆக்கி கம்பாரில நிண்டு பிடிச்சவை, 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழ எல்லாம் முடிஞ்சுது. கம்பார், ஈப்போ எல்லாம் எங்கட ஆக்கள் ரெயில்வேயில வேலை செய்த இடம். மலாயாப் பென்சனியர்மாரின்ர ரங்குப்பெட்டிக்குள்ள என்னென்ன வந்தது எண்டு ஆருக்குத் தெரியும், எங்கட பெரியம்மா வீட்டுப் பெட்டியில வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒரு கத்தை கிடந்தது, நாங்கள் அதை வச்சுக் கடை விளையாடினனாங்கள். கடைக்காரர் எங்க எடுத்தவர் எண்டு ஒருக்கா போன் எடுத்துக் கேட்டு ஒரு துண்டில எழுதி வையுங்கோ.

போலியோ எண்டு பாக்க முன்பக்கத்தை விட்டிட்டுத் திருப்பிப் பிடியுங்கோ. அச்சில அடிச்சதெண்டா முன்னுக்கு மேடா இருக்கிற புலி பின்னுக்குக் குழியாத் தெரியும். பின்பக்கம் தட்டையா, மணல் மாதிரிச் சொரசொரத்து, சின்னச் சின்ன ஓட்டையோட இருந்தா அது நல்லதைப் பாத்து வார்த்த போலி. தேய்மானத்தையும் பாக்கோணும். பட்டாளத்தான் தினம் மினுக்கினவன், அதால புலியின்ர முதுகு தேயும், ஆனா கால் இடுக்கில இருக்கிற கோடு கூரா நிக்கும். வார்ப்பில எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கிக் கிடக்கும். வடிவாத் தெரியேல்லை எண்டா யாழ்ப்பாணம் கஸ்தூரியார் ரோட்டில நகை செய்யிற ஒரு பத்தரிட்ட லென்ஸ் வாங்கிப் பாருங்கோ, அவை காசு கேக்கமாட்டினம், கதைதான் கேப்பினம்.

புளி மட்டும் வேண்டாம். குத்துவிளக்கு வேற, இது வேற. எண்பது வருஷமாப் படிஞ்ச அந்த மங்கல் நிறத்தைத்தான் சேர்க்கிற ஆக்கள் பாக்கிறது, புளி அதை ஒரு நிமிஷத்தில தின்னும், பித்தளையும் வெள்ளை உலோகமும் பத்தவச்ச இடத்தில ஊறி நிண்டு பிறகு பச்சையாக் களிம்பு கக்கும். காய்ஞ்ச பருத்தித் துணியால துடைச்சா காணும்.

திரும்ப அந்தக் கடைக்குப் போனா தட்டில மண்ணிறப் பிளாஸ்டிக் பட்ஜ் ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ, விளையாட்டுச் சாமான் எண்டு தள்ளிப் போடாதேங்கோ. ரெண்டாம் உலக யுத்தத்தின்ர நடுவில உலோகம் தட்டுப்பாடு எண்டு இங்கிலாந்தில பிளாஸ்டிக்கிலயே அடிச்சவை. வேற பட்ஜ் எதிலயும் கிரீடம் இருந்தா அதின்ர மேல் வளைவைப் பாருங்கோ, உருண்டையா இருந்தா அரசர் காலம், நடுவில பள்ளமா இறங்கினா ராணி காலம், அனேகமா 1953க்குப் பிந்தினது.

கேள்வி: அம்மப்பாவின்ர பெட்டியில 'பர்மா ஸ்ரார்' எண்டு ஆறு முனை நட்சத்திரம் ஒண்டு. பின்னுக்குப் பேரே இல்லை. டூப்ளிக்கேற்றோ?
(சாவகச்சேரி வாசகி)

பதில்: பேர் இல்லாததை வச்சு அப்படிச் சொல்லேலாது பிள்ளை. ரெண்டாம் உலக யுத்தத்து நட்சத்திர மெடல்களை பிரிட்டன் பேர் பொறிக்காமத்தான் குடுத்தது. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா பொறிச்சுக் குடுத்தவை. முதலாம் யுத்தத்து வெள்ளி மெடல் எண்டா விளிம்பைச் சுத்திப் பேரும் நம்பரும் இருக்கும். நாடா இருந்தா கழட்டாதேங்கோ, கடும் நீலம், நடுவில சிவப்பு, ரெண்டு பக்கமும் செம்மஞ்சள் கோடு எண்டா சரி. பெட்டியில கடிதம், பழைய கவர் ஏதும் இருந்தா அதுதான் பேர், எறிஞ்சு போடாதேங்கோ.

கேள்வி: மெற்றல் டிற்றெக்ரர் ஒண்டு வாங்கி முகமாலைப் பக்கம் தேடினா பழைய பட்ஜ் ஏதும் கிடைக்குமோ?
(பளை வாசகர்)

பதில்: கிடைக்கிறது பட்ஜா இராது. மிதிவெடி எடுக்கிற ஆக்களே அங்க குந்தியிருந்து அங்குலம் அங்குலமாக் கிண்டுகினம். கடைத் தட்டில தேடுங்கோ, தம்பி.