ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. மூச்சு ஏன் வாங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 58. வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்து இருபத்தைந்து வருடம் விறகடுப்பில் வெந்தவள். எங்கள் வீட்டில் யாருக்கும் புகைப் பழக்கம் கிடையாது. இரண்டு வருடமாக மாடி ஏறினாலும் தண்ணீர்க் குடம் தூக்கினாலும் மூச்சு வாங்குகிறது. காலையில் சளி கட்டுகிறது. மகன் ஆக்சிமீட்டர் வாங்கி வந்து விரலில் மாட்டிப் பார்த்தான், 97. “நுரையீரல் நன்றாக இருக்கிறது, வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்கிறான். ஆக்சிஜன் சரியாக இருந்தால் மூச்சு ஏன் வாங்க வேண்டும்? மருந்துக் கடையில் தரும் மாத்திரை போட்டால் கொஞ்சம் தேவலாம். இன்ஹேலரைத் தொட்டால் விட முடியாது என்கிறார்களே, உண்மையா? வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: கருவி காட்டிய 97-உம் உண்மை, உங்களுக்கு மூச்சு வாங்குவதும் உண்மை. கொரோனா காலத்தில் இந்தக் கருவி வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. 95-க்கு மேல் இருந்தால் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கருவி சொல்லவில்லை, நாமாக எழுதிக்கொண்டது.

ஆக்சிமீட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கணக்கிடும். ஹீமோகுளோபினே எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். அது 7 கிராமாகக் குறைந்திருந்தாலும், இருக்கிற 7-உம் நிரம்பியிருந்தால் 98 என்றே காட்டும். இரத்தசோகையால் மூச்சு வாங்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால், உங்களுக்கு முதலில் அந்தப் பரிசோதனையைத்தான் எழுதுவேன். இன்னொன்று, உட்கார்ந்த இடத்தில் எடுத்த அளவு உட்கார்ந்திருப்பதற்கு மட்டும்தான் பொருந்தும். உங்களுக்கு மூச்சு வாங்குவது மாடிப்படியில் அல்லவா? மருத்துவமனையில் ஆறு நிமிடம் நடக்கவைத்து அளந்து பார்ப்போம். நடக்கும்போது 4 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் அதை அலட்சியப்படுத்த மாட்டோம்.

மூச்சுத்திணறல் என்றாலே காற்று உள்ளே போகவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், காற்று வெளியே போவதில்தான் சிக்கல் என்று எனக்குச் சந்தேகம்.

மூச்சை இழுப்பதுதான் உழைப்பு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மேல்நோக்கி வளைந்து கிடக்கும் உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழே இறங்கும். விலா எலும்புகள் விரியும். நெஞ்சுக்குள் இடம் கூடி அழுத்தம் குறைய, காற்று தானாக உள்ளே வரும். மூச்சை விடுவதற்கு, சும்மா இருக்கும்போது, எந்தத் தசையும் வேலை செய்ய வேண்டியதில்லை. இழுபட்டிருந்த நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும்.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அவை மீண்டும் பிரிந்து, இப்படி ஏறக்குறைய 23 முறை கிளைத்த பிறகுதான் காற்று நுண்ணறைகளைச் சேர்கிறது. முப்பது கோடிக்கும் மேற்பட்ட அந்த அறைகளின் மெல்லிய சுவர் வழியாக ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. கடைசிக் கட்டக் குழாய்களுக்குக் குருத்தெலும்புத் தாங்கல் கிடையாது. சுற்றியிருக்கும் நுண்ணறைகளின் இழுவிசைதான் அவற்றைத் திறந்து வைத்திருக்கிறது.

விறகுப் புகை கைவைப்பது இந்த இடத்தில்தான். பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடும், மிக நுண்ணிய துகள்கள் அடிவரை போய்ப் படியும். சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் பழுதாகின்றன. காலைச் சளிக்கு இது ஒரு காரணம். குழாய்ச் சுவர் தடிக்கிறது. நுண்ணறைச் சுவர்கள் அழிந்து, நுரையீரல் தளர்ந்துபோன எலாஸ்டிக்காக ஆகிவிடுகிறது. இழுத்தால் வரும், திரும்பிச் சுருங்காது. மூச்சை விடும்போது சிறு குழாய்கள் மடங்கி அடைத்துக்கொள்ள, பழைய காற்று உள்ளேயே தேங்குகிறது. அந்தத் தேக்கம் உதரவிதானத்தைக் கீழே அழுத்தித் தட்டையாக்கிவிடுகிறது. ஏற்கெனவே இறங்கிவிட்ட தசை இன்னும் எவ்வளவு இறங்கும்? ‘இழுத்தாலும் உள்ளே போகவில்லை’ என்று தோன்றுவது இதனால்தான். இதை நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்கிறோம். பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கு இது வர அடுப்புப் புகை முக்கியக் காரணம்.

மூச்சு முட்டினால் வேகவேகமாக இழுக்கத் தோன்றும். அது ஏன் பயன்படாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மூச்சில் சுமார் 500 மில்லி காற்று போகிறது. அதில் 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடும். இரத்தத்துக்குப் பயன்படுவது 350. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4.2 லிட்டர். அதையே 250 மில்லி வீதம் 24 மூச்சாக வாங்கினாலும் மொத்தம் அதே 6 லிட்டர்தான், ஆனால் பயன்படுவது 2.4 லிட்டர் மட்டும். உங்களைப் போன்றவர்களுக்கு வேகம் கூடக்கூட வெளியே விட நேரமும் குறைகிறது, தேக்கம் ஏறுகிறது.

ஆகவே மாடி ஏறும்போது இப்படிச் செய்து பாருங்கள். மூக்கால் அளவாக இழுங்கள். விசில் அடிப்பதற்குக் குவிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம், முக்காமல், மெல்ல ஊதி விடுங்கள். ஊதிக்கொண்டே படியேறுங்கள், நின்று இழுங்கள். குவித்த உதடு குழாய்களுக்குள் சற்று அழுத்தத்தைத் தக்கவைப்பதால் அவை உடனே மடங்குவதில்லை.

நான் சொல்வது சந்தேகம்தான். உறுதிசெய்வது ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் வைத்து முழு மூச்சையும் ஒரே வீச்சில் ஊதச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவர் ‘ஊதுங்க, ஊதுங்க’ என்று சத்தம் போடுவார், கோபிக்காதீர்கள். சோதனை சரியாக வர அந்தச் சத்தம் வேண்டும். மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் நொடியிலேயே வெளியேற வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்துச் சற்று நேரம் கழித்து மறுபடியும் ஊதியபோதும் அந்த அளவு எட்டாவிட்டால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். நன்றாகத் தேறினால் ஆஸ்துமாவாக இருக்கலாம். கூடவே எக்ஸ்ரே, இ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன். இருமலும் சளியும் இரண்டு வாரம் தாண்டியதால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டுங்கள்.

இன்ஹேலருக்கு அடிமையாவார்கள் என்பது வெறும் பேச்சு. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் என்ற மருந்தின் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரின் ஒரு பஃப்பில் (ஒரு முறை அழுத்தினால் வரும் மருந்தில்) 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் தேவையான இடத்துக்கே போகிறது. படபடப்பும் கைநடுக்கமும் மாத்திரையில்தான் அதிகம். பஃப்பை வாயில் அடித்து உடனே விழுங்குகிறவர்களுக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது. இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவையை வைத்து, மெல்ல இழுத்து, முடிந்தால் பத்து நொடி மூச்சை நிறுத்தி வைக்க வேண்டும்.

ஆக்சிஜன் மெஷின் வேண்டாம். 97 இருக்கிறவருக்கு அது எதையும் கூட்டாது. இந்த நோய் முற்றிய சிலருக்குக் கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தேங்கும். அளவு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அது இன்னும் ஏறி மயக்கம்வரை போகலாம். அவர்களுக்கு 88 முதல் 92 வரை வைத்தால் போதும் என்றே நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம். மகன் அந்தப் பணத்தில் கேஸ் அடுப்பு வாங்கித் தரட்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு தடுமாறினாலோ 108-ஐ அழையுங்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது என்றால் இதயத்தை உடனே பார்க்க வேண்டும். சோதனைக்குப் போகும்போது, மருந்துக் கடையில் வாங்கும் அந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.