மட்டக் குதிரைக்கும் கத்தியவாருக்கும் பிறக்கும் குட்டி மலடாகுமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் மட்டக் குதிரைப் பெட்டை ஒன்று நிற்கிறது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வந்த கத்தியவார் ஆண் குதிரையோடு சேர்க்க ஆசை. "இரண்டும் வேற வேற சாதி, கோவேறு கழுதை மாதிரி குட்டி மலடாகப் போயிரும்" என்கிறார்கள். நிஜமா?

பதில்: இல்லைங்க. அந்தப் பயமே வேண்டாம். மட்டம், கத்தியவார், மார்வாரி, அரபி எல்லாமே ஈக்வஸ் கபாலஸ் என்ற ஒரே சிற்றினம். உயரமும் நிறமும் காது வளைவும் மனிதர்கள் பொறுக்கி வளர்த்ததில் வந்தவை. காங்கேயம் மாட்டுக்கும் பர்கூர் மாட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

2021இல் வந்த பண்டைய மரபணு ஆய்வுப்படி, இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதைகள் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியிலிருந்து சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவின. தனிச் சிற்றினமாகப் பிரிய இந்தக் காலம் போதவே போதாது.

கழுதை அப்படியல்ல. குதிரையும் அதுவும் பிரிந்து 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. குதிரைக்குக் குரோமோசோம் 64, கழுதைக்கு 62, இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அவை சரியாக ஜோடி சேராததால் விந்தோ கருமுட்டையோ ஒழுங்காக உருவாவதில்லை. எண்ணிக்கை மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடாதீர்கள். மங்கோலியாவின் பிரெஸ்வால்ஸ்கி குதிரைக்கு 66. வீட்டுக் குதிரையோடு சேர்ந்தால் 65 உள்ள குட்டி பிறக்கும், அது நன்றாகவே இனம் பெருக்கும். நெருங்கிய சொந்தம் என்பதால்தான்.

சரி, சின்ன உடம்புப் பெட்டை பெரிய குட்டியைச் சுமக்குமா? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டியது இதுதான். 1938இல் வால்டன், ஹேமண்ட் என்ற இருவர் பிரம்மாண்டமான ஷையர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்டையும் கலந்து பார்த்தார்கள். ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் குட்டியின் அளவுதான் இருந்தது. தாயின் கருப்பை குட்டியின் வளர்ச்சியை அடக்கிவிடுகிறது. ஆனாலும் இணையும்போது பெட்டைக்கு அடிபடலாம். அதனால் உயரம் குறைந்த கத்தியவாராகப் பாருங்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் இரண்டுக்கும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சினை சுமார் 11 மாதம். அந்தச் சமயத்தில் பாசத்தில் மாட்டுத் தீவனத்தை அள்ளி வைக்காதீர்கள். குதிரை அசைபோடும் பிராணி அல்ல, காண்டாமிருகத்தின் வரிசையைச் சேர்ந்த ஒற்றைப்படைக் குளம்பி. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை இறுக்கமாக மூடிக்கொள்வதால் அதனால் வாந்தியும் எடுக்க முடியாது. தீவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலியில் உயிரே போய்விடலாம். சில மாட்டுத் தீவனங்களில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரைக்கு விஷம்.