வெந்த வான்கோழியை மறுபடி வேகவைக்க வேண்டாம்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இந்த வருடம்தான் முதல் முறையாகத் தேங்க்ஸ்கிவிங்குக்கு 14 பவுண்டு வான்கோழி வாங்கி ஓவனில் சுட்டோம். எட்டுப் பேர் சாப்பிட்டும் கிட்டத்தட்ட பாதி மிச்சம். மறுநாள் அதில் குழம்பு வைத்தேன். கறி சக்கையாகிவிட்டது, ஒரு மாதிரி வாடையும் அடித்தது, பிள்ளைகள் தொடவே இல்லை. மீதியில் இங்கே எல்லோரும் செய்கிற கேசரோல் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். எப்படிச் செய்வது? எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

பதில்: உங்கள் குழம்பில் மசாலா மேல் தவறில்லை. நாம் பச்சைக் கறியைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டுப் பழகியவர்கள். கொதிக்கக் கொதிக்கக் கறி மிருதுவாகும் என்பது நம் கைப்பழக்கம். ஆட்டுத் தொடைக்கு அது சரி. ஏற்கெனவே மூன்று நான்கு மணி நேரம் ஓவனில் இருந்து வந்த வான்கோழி நெஞ்சுக்கறிக்கு அது பொருந்தாது. அதில் கொழுப்பும் குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு. முதல் முறை வெந்தபோதே நார்கள் சுருங்கிச் சாற்றில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிட்டன. மறுபடி கொதித்தால் மீதிச் சாறும் போய்விடும். குழம்பு எவ்வளவு தண்ணியாக இருந்தாலும் நாருக்குள் அது திரும்பப் போகாது.

அதனால்தான் அமெரிக்க வீடுகளில் மிச்ச வான்கோழிக்குக் கேசரோல் இவ்வளவு பிடித்துப்போனது. நம் ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தி சூடாக இருக்க வைக்கிற டப்பா. இங்கே அது ஓவனுக்குள் வைக்கிற ஆழமான தட்டுக்கும், அந்தத் தட்டில் செய்கிற சாப்பாட்டுக்கும் பெயர். இதில் சாஸ், நூடுல்ஸ், காய் எல்லாம் அடுப்பிலேயே கிட்டத்தட்ட வெந்து முடிந்துவிடும். கறி கடைசியாக உள்ளே போகும். ஓவனில் அரை மணி நேரம் இருப்பது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சூடாகவும், மேலே மொறுமொறுப்பு வரவும்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கெடாது.

அந்த வாடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது கறி கெட்டுப்போன நாற்றமாக இருக்க வேண்டியதில்லை. சமைத்த கறியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கும்போது வருகிற பழைய வாடை அது. கறி வேகும்போது அதிலுள்ள இரும்புச்சத்து விடுபடுகிறது, அது கொழுப்போடும் காற்றோடும் சேர்ந்து கொழுப்பைச் சிக்கு வாடை அடிக்க வைக்கிறது. வான்கோழியின் கொழுப்பு இதற்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும். கோழியைவிட இதில் வாடை அதிகமாகத் தெரிவது அதனால்தான். தடுக்க நல்ல வழி, காற்றுப் படாமல் வைப்பது. எலும்பிலிருந்து பிரித்த துண்டுகளை ஆழமில்லாத டப்பாவில் அடுக்கி, மிச்சமிருக்கும் கிரேவியையோ எலும்புச் சாற்றையோ மேலே ஊற்றி மூடிவிடுங்கள். முழு வான்கோழியைத் தட்டோடு ஃபிரிட்ஜில் தள்ளி வைப்பதுதான் வாடைக்கு முதல் காரணம்.

இப்போது சமையலுக்கு வருவோம். 9க்கு 13 அங்குலத் தட்டு ஒன்றுக்கு, ஆறிலிருந்து எட்டுப் பேர் சாப்பிடுகிற அளவு சொல்கிறேன். நறுக்கிய வான்கோழி 4 கப், அதாவது அரை கிலோவுக்குச் சற்று மேல். எக் நூடுல்ஸ் 225 கிராம். வெண்ணெய் 6 மேசைக்கரண்டி, மைதா 6 மேசைக்கரண்டி, எலும்புச் சாறு 3 கப், பால் ஒன்றரை கப். பெரிய வெங்காயம் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, காளான் 225 கிராம், உறைந்த பட்டாணி ஒரு கப், துருவிய செடார் சீஸ் ஒன்றரை கப். மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, தைம் என்ற உலர்ந்த மூலிகை இலை அரைத் தேக்கரண்டி. மேலே தூவ ஒரு கப் பிரெட் தூள், அதில் பிசற இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய்.

எலும்பை எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள். எலும்புக்கூட்டை உடைத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலை சேர்த்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லிய தீயில் மூன்று மணி நேரம் வையுங்கள். உப்புப் போட வேண்டாம். வடிகட்டி ஆறியதும் லேசாக ஜெல்லிபோல் உறைந்தால் நல்ல சாறு. கடை டப்பா சாற்றில் இந்தப் பிசுபிசுப்பு அவ்வளவாக இருக்காது. சாஸுக்கு ருசி கொடுப்பது பாதிக்கு மேல் இதுதான்.

கறியை நறுக்கும்போது நெஞ்சுக்கறியும் தொடைக்கறியும் கலந்து எடுங்கள். தொடையில் ஈரப்பசை அதிகம். நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்கே, முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். பொடியாகப் பிய்த்துப்போட்டால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் காய்ந்துவிடும். நறுக்கிய துண்டுகள் மேல் கால் கப் வெதுவெதுப்பான சாற்றைத் தெளித்து ஓரமாக வையுங்கள்.

நூடுல்ஸை, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே வடித்துவிடுங்கள். ஓவனில் அது சாஸைக் குடித்து மீதியும் வெந்துவிடும். காளானை வேறொரு வாணலியில் அதிகத் தீயில், தண்ணீர் முழுக்கச் சுண்டி ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். இதில் அவசரப்பட்டால் அந்தத் தண்ணீர் பிறகு சாஸில் இறங்கும்.

சாஸுக்கு, கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி வெங்காயத்தையும் செலரியையும் நிறம் மாறாமல் வதக்குங்கள். மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறினால் பச்சை மாவு வாசனை போய், பிஸ்கட் சுடுகிற வாசனை வரும். சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே விஸ்க் என்கிற கம்பி மத்தால் அடியுங்கள். அப்புறம் பால். ஐந்து நிமிடம் மெல்லக் கொதித்ததும் கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டும். பதம் தோசை மாவைவிட நீர்க்கவே இருக்கட்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். அடுப்பில் சரியாகத் தெரிகிற சாஸ், நூடுல்ஸ் குடித்த பிறகு களியாகிவிடும். தண்ணியாக இருக்கிறதே என்று உங்களுக்குப் பயம் வருகிற பதத்தில் இறக்கினால் சரியாக இருக்கும்.

அடுப்பை அணைத்த பிறகே சீஸைப் போடுங்கள். கொதிக்கிற சாஸில் போட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து, சீஸ் மணல்மணலாகிவிடும். கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது, துருவியே விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவுப் பொருள் கலந்திருப்பார்கள். இப்போது ருசி பார்த்து, அதற்கப்புறம்தான் உப்பு. வான்கோழியை உப்புநீரில் ஊறவைத்திருந்தால் கறியிலேயே உப்பு இருக்கும். கிரேவி, சீஸ் எல்லாவற்றிலும் இருக்கும். கடைசியில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள், கனமான சாஸுக்கு அது உயிர் கொடுக்கும். காரம் வேண்டுமென்றால் வெங்காயத்தோடு இரண்டு பச்சை மிளகாய் வதக்கலாம். கரம் மசாலா மட்டும் வேண்டாம். பாலும் தைமும் சேர்ந்து தருகிற அந்த மெல்லிய மணத்தை அது மூடிவிடும், பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவதும் அந்த மணம்தான்.

நூடுல்ஸ், காளான், பட்டாணி, கடைசியாக வான்கோழி என்று சாஸில் புரட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டுங்கள். ஓவன் 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சூடாகியிருக்க வேண்டும். அலுமினியத் தாளால் மூடி 20 நிமிடம், தாளை எடுத்துவிட்டு வெண்ணெயில் பிசறிய பிரெட் தூளைத் தூவி இன்னும் 10 நிமிடம். நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 165 டிகிரி காட்ட வேண்டும், செல்சியஸில் 74. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் தொடாமல் விட்டால் சாஸ் இறுகி, கரண்டியில் அழகாக வரும். முன்கூட்டியே கலந்து ஃபிரிட்ஜில் வைக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த கண்ணாடித் தட்டைச் சூடான ஓவனில் நேரடியாக வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். உலோகத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லாத நாளில் இங்குள்ளவர்கள் டப்பாக் காளான் சூப்பைத் திறந்துவிடுவார்கள். கேம்ப்பெல் நிறுவனம் 1934இல் அந்த க்ரீம் சூப்பைக் கொண்டுவந்த பிறகு வெள்ளை சாஸ் கிண்டுகிற வேலையே பல வீடுகளில் போய்விட்டது. தேங்க்ஸ்கிவிங் மேசையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பீன்ஸ் கேசரோல்கூட, 1955இல் உங்கள் மாநிலத்துக் கேம்டன் நகரில் அந்த நிறுவனத்தின் சமையலறையில் டோர்கஸ் ரைலி என்பவர் உருவாக்கியதுதான். நீங்களும் இரண்டு டப்பா சூப்பில் ஒரு கப் பாலும் ஒரு கப் சாறும் கலந்து செய்யலாம், தவறே இல்லை. உப்பு மட்டும் சேர்க்காதீர்கள்.

வான்கோழியோடு செய்கிற பிரெட் கலவையான ஸ்டஃபிங் மிஞ்சியிருந்தால் பிரெட் தூளுக்குப் பதில் அதை உதிர்த்து மேலே போடுங்கள். மசித்த உருளைக்கிழங்கு மிஞ்சியிருந்தால் நூடுல்ஸே வேண்டாம், சாஸும் கறியும் கீழே, உருளைக்கிழங்கு மேலே.

எத்தனை நாள் என்ற கேள்விக்குக் கறாராகவே பதில் சொல்கிறேன், இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சமைத்த வான்கோழி ஃபிரிட்ஜில் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள். தேங்க்ஸ்கிவிங் வருகிற வியாழக்கிழமை சுட்டதற்குத் திங்கள்கிழமை கடைசி. கேசரோல் செய்துவிட்டோம் என்பதற்காக நான் நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண மாட்டேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் இரண்டு நாளுக்குள் கறியைச் சாற்றோடு சேர்த்து ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் ருசி குறையாமல் இருக்கும்.

அதைவிட முக்கியம், ஃபிரிட்ஜுக்குள் போன நேரம். ஓவனிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். நன்றாக ஆறட்டும் என்று இரவு முழுக்க மேடையில் விடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, காலையில் ஒரு கொதி விட்டால் போதும் என்ற நம்பிக்கையும் உண்டு. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் சமையல் சூட்டில் சாகாது. பெரிய கறித்துண்டு மெதுவாக ஆறும்போதுதான் அவை முளைத்துப் பெருகும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி விட்டுப்போகிற நச்சைக் கொதிக்கவைத்தும் அழிக்க முடியாது. உங்கள் வான்கோழி அப்படி இரவு முழுக்க வெளியே இருந்திருந்தால் தயவுசெய்து மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், எறிந்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.

சரியான நேரத்தில் உள்ளே வைத்திருந்தால் பயமே வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி டப்பாவுக்கும் கேசரோலைக் கொடுத்து அனுப்பலாம். தெர்மாஸ் டப்பாவில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். ஒரு கரண்டி பால் விட்டு, நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்கிய கேசரோலை உடனே அதில் போட்டு மூடுங்கள்.