"நூறு சதவீதம் போய்விடும்" என்று எழுதிக் கொடுத்த பிறகு

கேள்வி: கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழில் செய்கிறேன். "ஹாலில் பூனை ஓர் இடத்தில் மூத்திரம் போய்விட்டது, வாடை தாங்கவில்லை" என்று ஒருவர் போன் செய்து படமும் அனுப்பினார். ஒரு தொகை சொன்னேன், சம்மதித்தார். போய் புற ஊதா விளக்கு அடித்துப் பார்த்தால் பதினொரு இடங்கள். ஓரத்தைத் தூக்கினால், கார்ப்பெட்டுக்கு அடியில் விரிக்கும் அடிமெத்தையும் ஊறியிருந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டிலிருந்த அவருடைய அம்மாவிடம் "இன்னும் கொஞ்சம் செலவாகும்மா" என்றேன். "சரி தம்பி, வாடை போனால் போதும்" என்றார். எல்லா இடத்திலும் மூத்திரத்தை உடைக்கும் என்சைம் மருந்து ஊற்றி, உறிஞ்சி எடுத்து, மெத்தையில் ஒரு பகுதியை வெட்டி மாற்றினேன். பில் சொன்ன தொகையைப் போல் இரண்டரை மடங்கு ஆனது. ஐந்தாம் நாள் போன் வந்தது: வாடை திரும்பிவிட்டதாம், சோபா பக்கத்தில் வெளுத்த வட்டம் என் மருந்தால் வந்ததாம். ஒரு காசும் தரமாட்டேன், புதுக் கார்ப்பெட்டுக்கு நீ பணம் கொடு என்கிறார். வேலைக்கு முன் "நூறு சதவீதம் போயிடும்" என்று நான் வாட்ஸ்அப்பில் எழுதியது உண்மை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: இப்போது அனுப்பாதீர்கள். அதற்கு முன் ஒன்று: அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். அவர் போனில் அது இருக்கப்போகிறது. நீங்கள் அழித்தது தெரிந்தால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

உங்கள் பிரச்சினையில் விலை, வாடை, வெளுத்த வட்டம் என்று மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே சண்டையாகப் போடுவதால்தான் இருவருக்கும் கோபம் ஏறுகிறது. சட்டம் மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். ஒவ்வொரு நாட்டிலும் நுகர்வோர் சட்டத்தின் பிரிவுகள் வேறாக இருக்கலாம். நான் சொல்வது ஆங்கிலேய ஒப்பந்தச் சட்ட மரபில் வந்த பொதுவான நெறிகள்.

முதலில் விலை. போனில் ஒரு தொகை சொல்லி, அவர் சரி என்றதும் ஒப்பந்தம் ஆகிவிட்டது. "உத்தேசமாக இவ்வளவு, வந்து பார்த்தபின் மாறலாம்" என்று சொல்லியிருந்தால் அது மதிப்பீடு. நீங்கள் அப்படிச் சொன்னதாக எழுதவில்லை. அதனால் அது உறுதி விலை என்றே அவர் வாதாடுவார். படத்தைப் பார்த்துத்தானே சொன்னேன் என்பது உங்களுக்குப் பெரிதாக உதவாது. மூத்திரம் மேலே உள்ளங்கை அளவு தெரிந்தால், நூலைத் தாண்டி, அடித்துணியைத் தாண்டி மெத்தைக்கு இறங்கும்போது அதைவிட அகலமாகப் பரவியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் பார்க்காமல் விலை சொன்னால், அதன் ஆபத்து பெரும்பாலும் தெரிந்தவர் தலையில்தான் விழும்.

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் சொன்னது ஓர் இடம். இருந்தது பதினொன்று. ஓர் இடத்துக்குப் பேசிய விலையில் மற்ற பத்து இடமும் அடங்கும் என்று அவராலும் சுலபமாகச் சொல்ல முடியாது. அப்போது கேள்வி அந்த அம்மாவின் "சரி தம்பி"யில் வந்து நிற்கிறது. கதவைத் திறந்துவிட அவருக்கு மகன் அதிகாரம் கொடுத்திருக்கலாம். விலையை மாற்றவும் கொடுத்தாரா? அப்படியே கொடுத்திருந்தாலும், நீங்கள் சொன்னது "கொஞ்சம்". இரண்டரை மடங்கை எந்த நீதிபதியும் கொஞ்சம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். கேட்காமல் செய்த வேலைக்கும் தானாகக் கூலி வந்துவிடாது. ஊற்றிய என்சைமை அவர் திருப்பித் தர முடியாது என்பதால், "பலனை அனுபவித்தாரே" என்ற வாதமும் இங்கே பலவீனம்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். பேசிய தொகையைக் கேட்க உங்களுக்கு வலுவான உரிமை உண்டு, வாடைப் பிரச்சினையைச் சரிசெய்தால். அதற்கு மேலுள்ளது சமரசத்தில் கிடைக்கிற அளவுதான்.

அடுத்தது வாடை. உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சாதாரணமாக ஒரு சேவையாளர் தருகிற வாக்கு, "தொழில் தெரிந்தவன் எடுக்கும் அக்கறையோடு செய்வேன்" என்பதுதான். மருத்துவர் குணமாகும் என்று உத்தரவாதம் தராமல் சிகிச்சை தருவது போல. நீங்களோ "நூறு சதவீதம் போயிடும்" என்று எழுதிவிட்டீர்கள். அது முடிவுக்கே கொடுத்த வாக்கு. அதன்பின் எவ்வளவு கவனமாகச் செய்தீர்கள் என்பதைவிட, வாடை போனதா இல்லையா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

ஆனாலும் வாடை ஏன் திரும்பியது என்று பார்க்காமல் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டாம். மூத்திரத்திலுள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. அது மூக்கைத் துளைத்தாலும் கழுவினால் போய்விடும். யூரிக் அமில உப்புகள் அப்படியில்லை. தண்ணீரில் எளிதில் கரையாமல் படிகமாக நூலிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது அமைதியாக இருந்து, ஈரம் பட்டதும் மறுபடி வாடை கிளப்பும். நீங்கள் ஊற்றிய ஈரம் அடிவரை காயாமல் இருந்தாலே ஐந்தாம் நாள் வாடை வரும். தரைக்கே இறங்கியிருந்தால், மேலே என்ன செய்தாலும் வரும். தரையைச் சுத்தம் செய்து, காயவிட்டு, பூச்சு போட்டு அடைக்காமல் அது நிற்காது. பூனை அதே இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என்சைம் ஊற்றியபின் எவ்வளவு நேரம் விட்டீர்கள்? என்சைமுக்கு ஈரமாக இருந்து வேலை செய்யப் பெரும்பாலும் மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அரை மணியில் உறிஞ்சி எடுத்திருந்தால், மருந்தை ஊற்றி மருந்தையே திரும்ப எடுத்தது போலத்தான். அதன் டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரத்தை எதிர்த்தரப்பு வக்கீல் வாய்விட்டுப் படிப்பார். அன்றைய நேரங்களை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எப்போது ஊற்றினீர்கள், எப்போது எடுத்தீர்கள், எந்த மருந்து, எவ்வளவு. நினைவு புதிதாக இருக்கும்போது எழுதியதற்கு மதிப்பு அதிகம்.

வெளுத்த வட்டத்தில் நீங்கள் நினைப்பதைவிடப் பலமான இடத்தில் இருக்கிறீர்கள். புதிய மூத்திரம் பெரும்பாலும் லேசான அமிலமாக இருக்கும். நாளாக ஆக அம்மோனியாவால் காரமாக மாறி, சாயத்தைத் தின்னும். மேலே இருக்கும் மஞ்சளையும் அழுக்கையும் எடுத்தபின்தான், அடியில் சாயம் முன்பே போய்விட்டது வெளியே தெரியும். அதை எந்தச் சுத்தமும் திரும்பக் கொண்டுவராது. ஆனால் நீங்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்தியிருந்தால் கதை வேறு, அதுவும் சாயத்தை வெளுக்கும். ஓரத்தில் மருந்தைக் கொஞ்சம் தடவி, சாயம் போகிறதா என்று சோதித்தீர்களா? வேலைக்கு முன் படம் எடுத்தீர்களா? புற ஊதா விளக்கில் எடுத்த படங்களில் அந்த வட்டம் இருக்கும் இடம் ஒளிர்ந்தால், அங்கே மூத்திரம் இருந்தது என்பதற்கு அது சாட்சியம். தனியாக நிற்காது, சில சோப்புகளும் பானங்களும்கூட அப்படி ஒளிரும். வாடையும் சேர்ந்தால் போதும்.

நிரூபிக்கும் பொறுப்பிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வேலை அவர் வீட்டிலேயே நடந்ததால், உங்கள் மருந்துதான் கெடுத்தது என்று காட்ட வேண்டியவர் அவர். கார்ப்பெட்டை உங்கள் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தால் நிலைமை தலைகீழ். 1977-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 900 பவுன் மதிப்புள்ள சீனக் கம்பளம் ஒன்று சுத்தம் செய்யப் போய்த் திரும்பவே இல்லை. படிவத்தில் "உரிமையாளரின் பொறுப்பில்" என்று அச்சிட்டிருந்தார்கள். கம்பளத்துக்கு என்ன ஆனது என்று நிறுவனத்தால் விளக்க முடியவில்லை. விளக்க வேண்டியது வாங்கி வைத்திருந்தவரே என்று சொல்லி, நிறுவனத்தையே பொறுப்பாக்கினார்கள்.

புதுக் கார்ப்பெட் விலை அவருக்குக் கிடைக்காது. பதினொரு இடத்தில் மூத்திரம் ஊறிய பழைய கார்ப்பெட்டைப் புதிதாக மாற்றித் தருவது இழப்பீட்டின் வேலை இல்லை.

இனி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று தோன்றும். வாங்குங்கள், ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1951-இல் அதே இங்கிலாந்தில் ஒரு பெண் திருமண உடையைச் சலவைக்குக் கொடுத்தார். எதற்குக் கையெழுத்து என்று கேட்டபோது, மணிகளுக்கும் மினுமினுப்புக்கும் சேதம் வந்தால் பொறுப்பில்லை என்பதற்கு என்றார்கள். தாளில் இருந்ததோ எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லை என்பது. உடை கறையோடு திரும்பியது. தவறாகச் சொல்லி வாங்கிய கையெழுத்தைக் கடை காட்ட முடியாது என்றது நீதிமன்றம். தாளில் "உத்தரவாதம் இல்லை" என்று போட்டுவிட்டு வாயால் "கவலைப்படாதீங்க, போயிடும்" என்றால் உங்களுக்கும் இதே கதிதான்.

அறைக்கு இவ்வளவு என்று மூத்திர வேலைக்கு விலை சொல்வதை விட்டுவிடுங்கள். பார்வையிட மட்டும் தனிக் கட்டணம் வாங்குங்கள். விளக்கு அடித்து, ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, எத்தனை இடம், எவ்வளவு ஆழம் என்று குறித்து, இரண்டு விலை எழுதிக் கொடுங்கள்: மேற்பரப்புக்கு ஒன்று, அடிமெத்தையும் தரையும் சேர்த்து ஒன்று. மலிவானதை அவர் தேர்ந்தெடுத்தால், "வாடை திரும்பலாம்" என்ற வரிக்கு நேரே அவர் கையெழுத்து இருக்கட்டும். பாதி வேலையில் புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் நிறுத்தி, படம் அனுப்பி, பணம் கொடுப்பவரின் பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள். அந்த அரை மணி வீண் இல்லை. சில வீடுகளில் கார்ப்பெட்டை எடுத்துப் போடுவதே மேல் என்று சொல்லிவிட்டு வர நேரும், அதையும் நேர்மையாகச் சொல்லுங்கள்.

சரி, இப்போது அவருக்கு அனுப்ப வேண்டியது. போனில் பேசாமல் எழுத்தில் அனுப்புங்கள். வேறு எதையும் சேர்க்காமல் இப்படி:

"வாடை திரும்பியதாகச் சொன்னீர்கள். கட்டணம் எதுவும் இல்லாமல் ஒருமுறை வந்து, கார்ப்பெட்டைத் தூக்கி ஈர அளவு பார்த்து, காரணம் எதுவென்று உங்கள் முன்னிலையிலேயே காட்டுகிறேன். என் வேலையில் விடுபட்டது இருந்தால் மறுபடி செய்து தருகிறேன். அதன்பின் முதலில் பேசிய தொகையைத் தாருங்கள், கூடுதல் வேலைக்கான தொகையை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இதனால் என் சட்ட உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வாரத்தில் உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்."

அவர் நாள் கொடுத்தால் போய்ப் பாருங்கள். கொடுக்க மறுத்தால், சரிசெய்ய நீங்கள் முன்வந்ததையும் அவர் தடுத்ததையும் வைத்து, பேசிய தொகைக்கு மட்டும் நோட்டீஸ் தயார் செய்யலாம். அப்போது அந்த நேரக் குறிப்புகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போங்கள்.