சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகிறது, பளுதூக்கும் ஷூ வாங்கலாமா?

கேள்வி: பளுதூக்கும் பயிற்சியில் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. ஓடுவதற்கு வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டுதான் தூக்குகிறேன். தோளில் பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில், உட்காரும்போது குதிகால் எழும்புகிறது. பளுதூக்கும் ஷூவை இப்போதே வாங்கிவிடலாமா, கொஞ்ச காலம் போகட்டுமா?

பதில்: வாங்குவது இருக்கட்டும். நாளை பயிற்சிக்குப் போகும்போது அந்த ஓட்ட ஷூவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஓடுகிறவரின் காலில் ஒவ்வோர் அடிக்கும் தரை மோதுகிறது. அந்த மோதலை வாங்கிக்கொள்ளத்தான் அதன் அடியில் தடிமனான ஃபோம் வைக்கிறார்கள். தோளில் பளுவோடு நிற்கும்போது அதே ஃபோம் அமுங்குகிறது, அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கமாக. உங்கள் கூடத்தில் யாராவது அந்த ஷூவோடு 60 கிலோ ஸ்குவாட் செய்யும்போது பின்னால் நின்று அவர் பாதத்தைப் பாருங்கள். குதிகாலின் உட்புற விளிம்பில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழும். கணுக்கால் உள்ளே சாயும், முழங்காலும் அதன் பின்னாலேயே போகும். மெத்தைமேல் நின்றுகொண்டு நெல்மூட்டை தூக்குவதற்குச் சமம். தற்போதைக்குப் பள்ளிப் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போதும். அடி மெல்லியது, தட்டையானது, அமுங்காது. நானே ஐந்து மாதம் அதில்தான் தூக்கினேன், அதுவும் பளுதூக்கும் ஷூ பையில் சும்மா கிடக்க.

34 வயதில் சேர்ந்தவன் நான். இரண்டாம் மாதம் ஸ்னாட்ச் கற்றுக்கொடுத்தார்கள், அதாவது பளு மாட்டிய இரும்புக் கம்பியை, பாரை, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்குவது. தூக்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் தாவிக்கொண்டிருந்தேன். குற்றம் ஷூவில்தான் என்று முடிவு கட்டி, யாரிடமும் கேட்காமல் ஒரு ஜோடி வரவழைத்தேன். மாஸ்டர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாக்பீஸ் எடுத்து என் கால் கட்டைவிரல்களுக்கு முன்னால் தரையில் கோடு போட்டார். கேன்வாஸில் தூக்கச் சொன்னார்: கோட்டைத் தாண்டி மூன்று விரற்கடை. புது ஷூவில் தூக்கச் சொன்னார்: ஐந்து விரற்கடை. பார் தொடையைத் தாண்டும் முன்பே நான் கையை மடக்கி இழுத்துக்கொண்டிருந்தேன். பார் உடம்பைவிட்டு முன்னால் வீசியது, நான் அதைத் துரத்திக்கொண்டு போனேன். குதிகாலை உயர்த்தியதும் எடை இன்னும் விரல்நுனிக்கு வந்து, அந்தத் தவறு பெரிதானதுதான் மிச்சம்.

ஆகவே இந்த ஷூ எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது முக்கியம். இதன் குதிகால் மரத்திலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ இருக்கும். பெரும்பாலான ஜோடிகளில் உயரம் 20 மில்லிமீட்டர் அளவில், முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் குறுக்கே ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். குதிகால் உயர்ந்திருப்பதால் கணுக்கால் அதிகம் மடங்காமலேயே முழங்கால் முன்னே போகிறது. இடுப்பு நேராகக் கீழே இறங்குகிறது. முதுகு நிமிர்ந்தே இருக்கிறது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 149 கிலோ ஸ்னாட்ச் செய்தாரே, அந்தக் காணொளி கிடைத்தால், அவர் பாரைத் தலைக்குமேல் வாங்கி அடியில் உட்காரும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். அந்த உட்காரலுக்காகச் செய்யப்பட்டதுதான் இந்த ஷூ. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் பரப்பிப் பளுவை வாங்கிய பழைய காலத்தில் இவ்வளவு உயரம் தேவைப்படவில்லை.

உங்கள் குதிகால் எழும்புவதற்குக் காரணம் கணுக்கால்தானா என்று காசு செலவழிக்காமல் பார்த்துவிடலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே 10 சென்டிமீட்டர் விட்டு, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். எளிதாகத் தொட்டுவிட்டால் கணுக்கால்மேல் பழி போடாதீர்கள். எடையை முன்பாதத்தில் வைத்து உட்காரும் பழக்கமாக இருக்கலாம், அதைப் பயிற்சியாளர் திருத்துவார். 5 சென்டிமீட்டரில்கூடத் தொட முடியாவிட்டால் ஷூ உங்களுக்கு உண்மையிலேயே உதவும். மடக்கும்போது வலித்தால் மட்டும் ஷூவை விட்டுவிட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். இன்னொன்று: இரண்டு குதிகாலுக்கும் அடியில் பாரில் மாட்டும் சின்ன எடைத் தட்டு ஒவ்வொன்றை வைத்து, வெறும் பாரோடு மட்டும் ஸ்குவாட் செய்து பாருங்கள். முதுகு அங்கேயே நிமிர்ந்துவிட்டால், ஷூ உங்களுக்குச் செய்யப்போவதை நீங்கள் பார்த்தாயிற்று. அதன்மேல் நின்று கனமாகத் தூக்காதீர்கள், வழுக்கும்.

எப்போது வாங்குவது? நாள் கணக்கை நான் நம்புவதில்லை. தொடக்கத்தில் தினம் ஒரு புதுத் தவறு வரும். பாதம் ஒருநாள் அகலம், ஒருநாள் குறுகல். வாரம் மூன்று நாள் வருகிறவருக்கு மூன்று, நான்கு மாதத்தில் அது அடங்கி, ஒரே தவறு திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். வாங்க வேண்டிய நேரம் அதுதான். ஸ்னாட்ச்சும், பாரை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்குமேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கும்தான் உங்கள் பாதை, கணுக்காலும் இறுக்கம் என்றால் அதற்கு மேல் தள்ளிப்போடவும் வேண்டாம். தட்டை ஷூவில் ஊறிய சமநிலையை உயரக் குதிகாலில் மறுபடி பிடிக்கச் சில வாரம் ஆகும். எனக்கு ஆயிற்று. பொதுவான உடற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. பாரைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்ட்டுக்குப் போட்டால் கெடுதல்தான்: நீங்கள் உயரமாகிறீர்கள், பாரைத் தூக்க வேண்டிய தூரமும் அதே அளவு கூடுகிறது.

வாங்கும்போது நான் செய்த இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓட்ட ஷூ போல ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். ஜெர்க்கில் காலைப் பரப்பும்போது பாதம் உள்ளே நழுவியது. பட்டையை இறுக்கினால் மேல்பாதம் மரத்துப்போனது. விரல்நுனி முன்பக்கத்தை உரசாமல், ஆனால் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பாருங்கள். கெட்டிக் குதிகால் அமுங்கித் தேயாது என்பதால் பழைய ஜோடி கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம், அடிப்பகுதி ஒட்டு விடாமல் இருக்கிறதா என்று மட்டும் வளைத்துப் பாருங்கள். நான் பெரிதாக வாங்கிய அந்த ஜோடி 9ஆம் எண். இரண்டே வாரம் போட்டது, இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது. சுவர்ச் சோதனையில் நீங்கள் தேறவில்லை, அளவும் பொருந்துகிறது என்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.